96 மாடல் சிவப்பு மாருதி 800: வெளுத்த பெயிண்டை மீட்க முடியுமா?

திருநகர்_தாய்மாமன்

வணக்கம். அப்பா 1996-ல் புதிதாக எடுத்த மாருதி 800, சிவப்பு. ஓடியது 71,000 கிலோமீட்டர்தான். இன்றைக்கும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. பெயிண்ட்தான் போய்விட்டது.

அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்ததிலிருந்து நாலு வருஷமாக வண்டி திருநகர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. மரத்தடி என்று பேர், மத்தியானம் 2 மணிக்கு மேல் மேற்கு வெயில் முழுக்க பானெட்டிலும் கூரையிலும்தான் விழும். சுவரை ஒட்டி நின்ற இடது பக்கக் கதவுகளில் மட்டும் சிவப்பு மிச்சம் இருக்கிறது. பானெட் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது, தடவினால் விரலில் ரோஸ் பொடி ஒட்டுகிறது. போதாததற்கு வேப்பம்பிசின் புள்ளிகள், போர் தண்ணீரின் உப்புத் தடம்.

கூரை கதை வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தென்னை மட்டை விழுந்து நெளிந்ததால் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தோம். இப்போது அதில் மேல்தோல் சிலும்பு சிலும்பாக உரிகிறது.

ஒன்று கவனித்தேன். கழுவும்போது தண்ணீர் நிற்கிறவரை பானெட் அப்படியே பழைய சிவப்பு. காய்ந்ததும் வெளுத்துவிடுகிறது.

ஆவணியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில். தாய்மாமன் நான். தங்கச்சி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே இந்த வண்டியில்தான், சீர்த்தட்டும் இதில்தான் போகணும் என்கிறார் அப்பா. எனக்கும் அதுதான் ஆசை.

முழு பெயிண்டுக்கு ஒரு பட்டறையில் 38,000 ரூபாய் சொன்னார்கள். பணத்தை விடுங்கள், கம்பெனியில் அடித்த பெயிண்டைச் சுரண்டி எறிய மனசு வரவில்லை. இன்னொரு இடத்தில் 1,500 ரூபாய்க்கு ரப்பிங் போட்டுத் தருவதாகச் சொல்லி, பின் கதவு மடிப்பில் மிஷினை வைத்தார்கள். ரெண்டே நிமிஷம், மடிப்பு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, எட்டிப் பார்த்தது. அங்கேயே நிறுத்தச் சொல்லி வண்டியை எடுத்து வந்துவிட்டேன். வயிறு எரிந்தது.

இதை வீட்டிலேயே, கையால், நிதானமாகச் செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

மேலூர்_டிரைவர்

அண்ணே, மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து துணியால் தேய்த்துப் பாருங்கள். எங்கள் முதலாளி அம்பாஸிடருக்கு விசேஷ நாளில் அப்படித்தான் செய்வோம். கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஒத்தக்கடை_பெயிண்டர்

தம்பி, முப்பது வருஷமாகப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறவன் நான். முழு பெயிண்ட் அடிப்பவர்களுக்குத்தான் அதில் வருமானம், ஆனாலும் சொல்கிறேன், இந்த வண்டியைச் சுரண்டாதீர்கள்.

தண்ணீர் நிற்கும்போது சிவப்புத் தெரிகிறது என்று எழுதினீர்களே, நாடி பிடித்துப் பார்ப்பது அதுதான். பெயிண்டில் நிறப்பொடி உண்டு, அந்தப் பொடியைப் பிடித்து வைக்கிற பிசின் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் மேலாக இருக்கிற பிசினை அரித்துவிடும். பிடிமானம் போன பொடி சுண்ணாம்பு போல மேலே நிற்கும். அந்தச் சொரசொரப்பில் பட்ட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால்தான் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. தண்ணீர் அந்த நுண்குழிகளை நிரப்பும்போது சிதறல் அடங்கி, கீழே இருக்கிற நிறம் மேலே வருகிறது. ஆக, கீழே நிறம் இருக்கிறது. அதுவரைக்கும் நல்ல சேதி.

மேலூர்த் தம்பி சொன்ன கலவை பளபளக்கும், பொய்யில்லை. ஆனால் ரெண்டு நாளில் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். கதவைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பிப்போகும். வேண்டாம்.

முதலில் எந்தப் பாகத்தில் என்ன பெயிண்ட் என்று பாருங்கள். வெள்ளைப் பனியன் துணியில் துளி பாலிஷ் வைத்து, மறைவான இடத்தில் பத்துத் தரம் தேயுங்கள். துணியில் சிவப்பு இறங்கினால் அது மேலே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இல்லாத பெயிண்ட், அதைத்தான் மீட்கலாம். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஒரு கதவில் பார்த்ததை வைத்து மொத்த வண்டிக்கும் முடிவு கட்டாதீர்கள். இத்தனை வருஷ வண்டியில் எங்கேயாவது ஒரு இடத்தில் யாராவது கை வைத்திருப்பார்கள்.

கூரையில் உரிவது கிளியர். உரிய ஆரம்பித்த கிளியரை எந்தப் பாலிஷும் திரும்ப ஒட்ட வைக்காது, மிஷின் வைத்தால் இன்னும் கிழியும். அதை மட்டும் பிறகு தேய்த்து அடிக்க வேண்டும். அதுவரை சிலிகான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் எதையும் அங்கே தடவிவிடாதீர்கள். சிலிகான் பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போலக் குழி விழும். நாங்கள் தலையில் அடித்துக்கொள்கிற விஷயம் அது.

மற்ற இடங்களுக்கு வருகிறேன். விடியற்காலை, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், கார் ஷாம்பு போதும். உப்புத் தடத்துக்குச் சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்த துணியை ஒரு நிமிஷம் வைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வேப்பம்பிசினுக்குக் கிளே பார், களிமண் மாதிரி பிசைகிற கட்டி, அதைக் கார் ஷாம்பு கலந்த தண்ணீர் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் ஓட்டுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள், ஒட்டிய மண் கோடு கோடாகக் கீறிவிடும்.

அடுத்ததில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். காய்ந்து கிடக்கிற பெயிண்டை எடுத்த எடுப்பில் காம்பவுண்டு என்கிற அரைக்கும் பசையைப் போட்டு அறுக்காதீர்கள், முதலில் எண்ணெய் குடிக்க விடுங்கள். மெகுயர்ஸ் 7-ஆம் நம்பர் ஷோ கார் கிளேஸ் என்று ஒன்று வருகிறது, அரைப்பு அதிகம் இல்லாத, எண்ணெய்ப் பசை நிறைந்த சரக்கு. டவல் துணியால் தடிமனாகப் பூசி மெல்லத் தேய்த்து, அப்படியே ராத்திரி முழுக்க விட்டு, காலையில் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். ரெண்டு ராத்திரி செய்தால் எவ்வளவு நிறம் தானாகத் திரும்புகிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் மங்கலாக இருக்கிற இடத்துக்கு மட்டும் நைஸ் பாலிஷ், கடைசியில் வாக்ஸ்.

மடிப்பு, விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கேதான் பெயிண்ட் மெல்லிசு, உங்களுக்கு அது தெரிந்துவிட்டது. கறுப்பு பம்பருக்கும் ஒட்டுங்கள், பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

திருநகர்_தாய்மாமன்

அண்ணே, மிக்க நன்றி. துணி சோதனையை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தேன். பானெட், மட்கார்டு, கதவு நாலு, எல்லாவற்றிலும் துணி கோவைப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. டிக்கி மூடியில் மட்டும் எவ்வளவு தேய்த்தும் துணி வெள்ளை. வீட்டில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 2003-ல் ரிவர்ஸ் எடுக்கும்போது தெப்பக்குளம் பக்கம் ஒரு லைட் கம்பத்தில் இடித்ததையும், அம்மாவுக்குத் தெரியாமல் பெயிண்ட் அடித்து வாங்கி வந்ததையும் சொன்னார். அம்மா சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

டிக்கியில் கிளியர் உரியவில்லை, மங்கல்தான். அதைக் கிளியர் கோட் என்றே வைத்து நைஸ் பாலிஷ் மட்டும் போடலாமா?

ஒத்தக்கடை_பெயிண்டர்

போடலாம். ஓரடிக்கு ஓரடி இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் தொடருங்கள்.

வாடிப்பட்டி_800

தாய்மாமன் அண்ணனுக்கு ஒரு தகவல். கூரைக்கு அதே சிவப்பு அடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினால்தான் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போவீர்கள், அப்போது ஆர்.சி.யில் இருக்கிற நிறம்தான் வண்டியிலும் இருக்க வேண்டும்.

திருநகர்_தாய்மாமன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை நாளில் நேரம் இல்லை, அதனால் வாரத்துக்கு ரெண்டு பாகம் என்று செய்தேன்.

முதல் ராத்திரி பானெட்டில் கிளேஸ் பூசி, கார் போர்டிகோவில் விட்டுவிட்டுத் தூங்கினேன். காலை 5:30-க்கு டார்ச் அடித்துப் பார்த்தால் பூசியது அங்கங்கே வற்றிப்போயிருந்தது. நடுவில் திட்டுத் திட்டாக உறிஞ்சியிருந்தது, ஓரங்களில் அப்படியே நின்றது. வெயில் எங்கே அதிகம் குடித்திருக்கிறதோ அங்கேதான் எண்ணெயும் அதிகம் இறங்கியிருக்கிறது. துடைத்ததும் ரோஸ் போய் மங்கலான சிவப்பு வந்துவிட்டது. ரெண்டாம் ராத்திரிக்குப் பிறகு சிவப்பில் ஆழம் வந்தது. மூன்றாம் தரம் பூசியதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு கையாலேயே நைஸ் பாலிஷ். ஸ்பாஞ்சில் சிவப்புப் பொடி ஏறிக் கட்டியாகிவிடுகிறது, அதோடு தேய்த்தால் புதுக் கீறல் விழுகிறது. பாதி பானெட்டிலேயே அது புரிந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் அடிக்கடி ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்துகொண்டே செய்தேன். வாக்ஸ் ரெண்டு கை.

பிரைமர் தெரிந்த அந்த மடிப்பு அப்படியேதான் இருக்கிறது. பிசின் விழுந்த நாலு இடத்தில் வட்டம் தெரிகிறது, அது பெயிண்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது போல. மற்றபடி, வெறும் கையால் இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை.

அப்பாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தேன். உள்ளங்கையை பானெட்டில் வைத்து, கண்ணாடியிலிருந்து நம்பர் பிளேட் வரை ஒரே இழுப்பாக இழுத்தார். எங்கேயும் கை நிற்கவில்லை. "சொரசொரப்பு எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடி தடவினார்.

காதுகுத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் கூரையை அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். அண்ணே, கலர் எப்படிச் சொல்லிக் கலக்கச் சொல்வது?

ஒத்தக்கடை_பெயிண்டர்

கம்பெனி கலர் கோடு பார்த்துக் கலக்கினால் புது வண்டிச் சிவப்பு வரும், உங்கள் வண்டி இப்போது அந்தச் சிவப்பில் இல்லை. பெட்ரோல் டேங்க் வெளி மூடியைக் கழற்றி, அதற்கும் கிளேஸும் பாலிஷும் போட்டு முடித்துவிட்டு, பெயிண்ட் கடைக்குக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதை வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். கடை டியூப்லைட்டில் பார்த்துச் சரி என்று வாங்கிவிடாதீர்கள். ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, வெளியே வெயிலில் மூடியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.