டீ ஃபேக்டரி இன்டர்ன்ஷிப் போகலாமா? மெக்கானிக்கல் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். எனக்கு ஊர் கோத்தகிரி. கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரும் லீவில் என்ன செய்வது என்று ஒரே குழப்பம்.

ஊரிலேயே ஒரு டீ ஃபேக்டரியில் இன்டர்ன்ஷிப் தருகிறேன் என்கிறார்கள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. போய்ப் பார்த்தேன். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோலர். ஒன்று மற்றதைவிடச் சுமார் 10 மடங்கு வேகம். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கிக் கிழிகிறது. பல் மழுங்கினால் ரோலரைக் கழற்றிக் கடைந்து, மறுபடி பல் வெட்டுகிறார்கள். ரோலர் இடைவெளி சரியா என்று ஃபிட்டர் அண்ணன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்! பாய்லர், ட்ரையர் எல்லாம் அங்கேயே இருக்கிறது.

அப்பாவோ, "கேட் எழுது, அரசு கம்பெனிக்குப் போ" என்கிறார். கேட் (GATE) என்கிற இன்ஜினியரிங் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்தான். 100 மதிப்பெண்ணில் ஆப்டிட்யூடுக்கு மட்டும் 15. அதில் எனக்குப் பயமில்லை, தெர்மோடைனமிக்ஸ்தான் உதைக்கிறது. நண்பர்கள் எல்லாம் சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள்.

டீ ஃபேக்டரி அனுபவத்தை மோட்டார், பம்ப் கம்பெனி இன்டர்வியூவில் மதிப்பார்களா? மெயின்டனன்ஸ் வேலையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், குன்னூர் லோகோ ஷெட்டில் மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பார்த்துப் பழக மாணவர்களை விடுவார்களா? பயிற்சி எடுத்தவர்கள் யாராவது இருந்தால், மனுவை எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், கல்லூரிக் கடிதம் போதுமா என்று சொல்லுங்கள். ஃபேக்டரிக்கு இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.