அம்பாசிடருக்கு ஆட்டோமேட்டிக் கியர் போடலாமா?

ஆரியங்காவு வாசி:

வணக்கம். அப்பா வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. 1974 மாடல், பெட்ரோல், 1489 சிசி, ஸ்டீயரிங் பக்கத்தில் லீவர் உள்ள ஹேண்ட் கியர். அப்பாவுக்குச் செங்கோட்டையில் மிளகு வியாபாரம். மூட்டைகளை டிக்கியில் போட்டுக்கொண்டு போவார். மழைக்காலத்தில் டிக்கியைத் திறந்தால் இன்றைக்கும் மிளகு வாசம் வருகிறது.

போன வருடம் எனக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. சமதளத்தில் ஓட்டிவிடுகிறேன். கஷ்டமெல்லாம் புளியரை ஏற்றத்தில்தான். போன மாதம் செங்கோட்டைச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எஸ் வளைவில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. இந்த வண்டியில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது, நின்றால்தான் ஒழுங்காக விழும். கிளட்சை மிதித்துப் பிடித்திருந்த கால் நடுங்கத் தொடங்கியது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். பின்னால் காய்கறி வேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, டேஷ்போர்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை விற்க மனமில்லை. புனலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், ஜப்பான் கார் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள், ஒன்றரை லட்சம் ஆகுமாம். செய்யலாமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தென்காசி மெக்கானிக்:

அண்ணாச்சி, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கியர் பாக்ஸை மட்டும் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை இது. இன்ஜின் பின்னால் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரம் போய் அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடும், கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் வர வேண்டும். உங்கள் இன்ஜினுக்கும் அந்த கியர் பாக்ஸுக்கும் போல்ட் ஓட்டை ஒத்துப்போகாது. லேத்தில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், அதில் நூல் அளவு சென்டர் தப்பினாலும் முன்பக்க பம்ப்பும் சீலும் போய்விடும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஆயில் கூலர் வேண்டும், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு வழி பார்க்க வேண்டும், தரையில் கியர் பாக்ஸுக்கு மேலே மேடாக இருக்கும் டனலை வெட்டி அகலப்படுத்த வேண்டும். கியரில் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு ஸ்விட்ச்சும் அவசியம்.

இவ்வளவும் செய்தாலும் இன்ஜினின் பலம் அதே பலம்தான். கன்வர்ட்டர் கொஞ்சத்தைத் தின்னும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு புளியரை ஏறினால் ஆயில் சூடாகும். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

இங்கிலாந்தில், உங்கள் இன்ஜின் சேர்ந்த இதே பி-சீரிஸ் குடும்பத்து 1622 சிசி இன்ஜினோடு, மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 6-இல் போர்க் வார்னர் 35 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. அது முழுசாகக் கிடைத்தால் ஓரளவு யோசிக்கலாம். ஆனால் ஒரு சீல் போனாலும் கப்பலில்தான் வர வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை:

எனக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. பதினோரு வருடமாக ஃபியட் பத்மினி ஓட்டுகிறேன், ஆட்டோ கிளட்ச் போட்டு. கியர் பாக்ஸில் கை வைக்கவே இல்லை. கியர் லீவரில் சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதை அழுத்தினால் இன்ஜின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டு குழாயின் வேக்குவம் (உறிஞ்சு விசை) சர்வோ என்ற கருவியை இழுக்கும், சர்வோ கிளட்சை இழுக்கும். விட்டால் மெல்ல ஒட்டும். கிளட்ச் மிதி அப்படியே இருப்பதால் என் மகளும் வழக்கம்போல் ஓட்டுகிறாள். உங்கள் ஃபர்ஸ்ட் கியர் விஷயத்துக்கும் சரிவரும்: நியூட்ரலில் ஒருமுறை விட்டு மறுபடி அழுத்தினால் டபுள் கிளட்ச், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதித்துக் கியர் போட்டதுபோல்தான்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வேக்குவம் குறையும். அதற்காக வேக்குவத்தைச் சேமித்து வைக்க ஒரு டாங்கும், அது வீணாகாமல் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வும் வைப்பார்கள். எனக்கு முதலில் வைத்த டாங்க் சிறியது. நெல்லியாம்பதி ஏறும்போது தொடர்ந்து நாலைந்து முறை கியர் மாற்றியதும் கிளட்ச் பாதிதான் விட்டது, கியர் கரகரவென்று கத்தியது. பெரிய டாங்க் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. அம்பாசிடரின் மூல வண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-க்கு, 1956 வாக்கிலேயே மனுமாட்டிக் என்று கிளட்ச் மிதி இல்லாத அமைப்பை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். அதுவும் லீவரில் கை பட்டதும் வேக்குவத்தால் கிளட்சை விடுவிப்பதுதான். அதனால் உங்கள் வண்டிக்கு இது அந்நியமான சரக்கு இல்லை.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, அது கேரளத்திலிருந்து போன வழக்குதான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் தனி. டாக்டர் சான்றிதழோடு ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள், வேலை அப்புறம். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. அதற்கு பாடி, சேஸிஸ், இன்ஜின் மூல நிலையில் இருக்க வேண்டும். டனலை வெட்டினால் அந்த வழியும் அடைபட்டுப்போகலாம்.

ஆரியங்காவு வாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. படித்ததும் மனசு லேசானது. புனலூர் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் கேட்கப் போகிறேன்.

ஒரு கேள்வி. கியர் லீவர் குமிழ் அப்பாவின் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. என் பெருவிரல் அந்தத் தேய்மானத்தில் சரியாக உட்காரும். அதை மாற்றாமல் ஸ்விட்ச் வைக்க முடியுமா?

தென்காசி மெக்கானிக்:

முடியும் அண்ணாச்சி. குமிழுக்குக் கீழே தண்டில் ஒரு கிளாம்ப் போட்டு அதில் ஸ்விட்ச்சை உட்கார வைக்கலாம். குமிழைத் தொட வேண்டாம்.

அனுமதி வரட்டும். அதற்குள் ஒருநாள் வண்டியைக் கொண்டு வாருங்கள். மிதித்ததும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் கார்பன் பேரிங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிதி இவ்வளவு கனப்பதற்கு கிளட்சை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் காரணமாக இருக்கலாம். வரும்போது இறக்கம்தான், செகண்ட் கியரில் மெதுவாக வாருங்கள். திரும்பும்போது புளியரை தாண்டும் வரை நானே ஓட்டி ஏற்றிவிடுகிறேன்.