தளை பார்த்துவிட்டோம், கவிதையை யார் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஓர் ஈற்றடி (கடைசி அடி) கொடுத்து நேரிசை வெண்பா என்கிற நான்கடி மரபுக்கவிதை எழுதுகிறோம். பெரும்பாலும் புதியவர்கள், நடத்துவது நான். வருகிற கருத்துகள் இரண்டே வகை. ஒன்று 'அருமை', இல்லையென்றால் 'தளை தட்டுகிறது', அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் வெண்பா விதிப்படி சேரவில்லை. போன வாரம் ஒரு தங்கை 'அம்மா வந்தாள்' என்று எழுதியிருந்தாள். மா முன் நேர் ('அம்மா' மாச்சீர்; அதன்பின் 'வரு' போன்ற நிரையசை வரவேண்டும், 'வந்' நேரசை), தவறுதான். உடனே குழுவின் மூத்தவர் ஒருவர் 'அம்மா வருவாள்' என்று திருத்திப் போட்டார். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவள் 'நன்றி ஐயா' என்றதோடு சரி, பிறகு எதுவும் எழுதவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தளை தட்டினால் சொல்லத்தான் வேண்டும், தாட்சண்யம் பார்க்கக் கூடாது. யாப்பைச் சரிபார்க்கும் அவலோகிதம் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவிடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

மறுமொழி 2:
தளையை மென்பொருளே காட்டிவிடும், உண்மை. அதனால்தான் மிச்சத்தை நாம் பார்க்க வேண்டும் என்கிறேன். 'வருவாள்' என்றதும் தளை சரியாகிவிட்டது. ஆனால் வந்து நின்ற அம்மா, இனிமேல் வரப்போகிறவள் ஆகிவிட்டாள். அந்தப் பெண் எழுத வந்ததே போச்சு.

நான் மரபுக்கவிதை வகுப்பு எடுக்கிறேன். அங்கே ஒரே கட்டுப்பாடுதான்: தட்டுகிற இடத்தைக் காட்டலாம், மாற்றுச்சொல் தரக்கூடாது. எழுதியவர் கேட்டால் தரலாம், அப்போதும் ஒன்றுக்கு இரண்டாக. 'வந்தனள் அம்மா' என்றால் விளம் ('வந்தனள்') முன் நேர் ('அம்'), பொருந்தும். ஆனால் வீட்டுப் பேச்சு போய்விடுகிறது. 'அம்மாதான் வந்தாள்' என்றால் காய் ('அம்மாதான்', மூவசைச் சீர்) முன் நேர், அதுவும் சரி. ஆனால் அந்தத் 'தான்' சீரை நிரப்ப வந்ததா, பொருளோடு வந்ததா? 'யாரை எதிர்பார்த்து நின்றாய்?' என்று அவளையே கேளுங்கள்.

புதியவர்களுக்கு நான் அதிகம் சுட்டிக்காட்டுவது இந்த வெற்றுச் சொற்களைத்தான். 'அந்த', 'நன்றே', 'இங்கு' எல்லாம் தளை தட்டாத வெண்பாவுக்குள்ளும் பத்திரமாக ஒளிந்திருக்கும். தளை பார்க்கும் மென்பொருள் இதைச் சொல்லாது.

பெரியவரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவில் வைத்துச் சொன்னால் அவரும் சுருங்கிப்போவார்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன் ஐயா. விடுதி வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்தாளாம். 'தான்' கட்டாயம் வேண்டும் என்கிறாள். பெரியவரிடமும் பேசிவிட்டேன், இனி இடத்தை மட்டும் குறிப்பதாகச் சொன்னார். இன்று அவள் இன்னொரு வெண்பா போட்டிருக்கிறாள். தனிச்சீரில் (இரண்டாம் அடியின் கடைசிச் சீர்) எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.