ஃப்ராப்பில் சவ்வுப் புரதம் நகரவே மாட்டேன் என்கிறது, சிக்னல் மட்டும் ஏறுகிறது: கோளாறு எங்கே?

குடமுருட்டி (தஞ்சாவூர்):
எச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்லில், இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ரிசெப்டரின் உள்வாலில் ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி, அடிச் சவ்வில் ஃப்ராப் (லேசரால் ஓரிடத்தின் ஒளியை வெளுத்து, சுற்றியுள்ள புரதம் நகர்ந்து வந்து ஒளி மீள்வதை அளக்கும் முறை) எடுக்கிறோம். 63 எக்ஸ் ஆயில் லென்ஸ், 488 நானோமீட்டர் லேசர். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை 3 விநாடி முழுத் திறனில் வெளுத்து, பிறகு 5 விநாடிக்கு ஒரு படம். வட்டத்தின் ஒளி வெளுக்கும் முன் 100 என்றால் முதல் படத்தில் 55, கடைசியில் 62. நகரும் பங்கு (வெளுத்ததில் மீண்டு வந்த அளவு) 15 சதவீதம்தான் வருகிறது. கவர்ஸ்லிப்பில் பாலிலைசின் பூச்சு. ஏசி 22 டிகிரி, ஸ்டேஜ் மட்டும் 37.

இன்னொன்று: 10 மில்லிமோலார் மீதைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டு கொலஸ்ட்ராலை எடுத்தால் புரதம் வேகமாக ஓட வேண்டாமா? இன்னும் மந்தமாகிறது. ஆனால் இ.ஜி.எஃப். சேர்க்காமலே ரிசெப்டர் பாஸ்பாரிலேஷன் (பாஸ்பேட் ஒட்டுவது, சிக்னல் கிளம்பியதன் அடையாளம்) வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் கூடுகிறது. நகராத புரதம் எப்படி சிக்னல் கொடுக்கும்?

வெண்ணாறு (திருச்சி):
சிக்னலை அப்புறம் பார்க்கலாம், முதலில் நேரக் கணக்கு. விரவல் கெழு (புரதம் பரவும் வேகத்தின் அளவு) = 0.224 × ஆரத்தின் வர்க்கம் ÷ பாதி மீளும் நேரம். இந்த மாதிரி ரிசெப்டருக்கு விநாடிக்கு 0.2 சதுர மைக்ரோமீட்டர் என்று வைத்தால், உங்கள் வட்டம் 1.1 விநாடியில் பாதி மீண்டுவிடும். நீங்கள் 3 விநாடி வெளுக்கிறீர்கள். அதற்குள் வெளிப் புரதம் உள்ளே வந்து அதுவும் வெளுத்து, வெளுத்தது வட்டத்தைத் தாண்டிப் பரவியும் விடும். முதல் படம் வரும்போது மீட்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது. உங்கள் 55 தொடக்கப் புள்ளியே இல்லை.

வெளுப்பை 0.1 விநாடிக்குள் முடியுங்கள். ஆழம் போதவில்லையென்றால் ஜூமைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். முதல் 10 விநாடிக்கு 0.1 விநாடி இடைவெளி, பிறகு விநாடிக்கு ஒன்றாக ஒரு நிமிடம். அந்த வேகத்துக்கு முழுப் படம் வேண்டாம், சின்னச் சட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு உண்மையான தொடக்கம் 25 என்றால், அதே 62-க்கே நகரும் பங்கு 37/75, அதாவது 49 சதவீதம். படம் எடுப்பதிலேயே பக்கத்துச் செல் 85-க்கு மங்கியிருந்தால் 62-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 73. இப்போது 64 சதவீதம். செல்லில் எதுவும் மாறாமலே 15, 64 ஆகிறது!

ஆயில் லென்ஸ் சூட்டை இழுத்துக்கொள்ளும், லென்ஸ் ஹீட்டர் இல்லாமல் ஸ்டேஜ் காட்டும் 37-ஐ நம்பாதீர்கள். 1970-இல் ஃப்ரையும் எடிடினும் மனித, எலிச் செல்களை இணைத்தபோது 37 டிகிரியில் 40 நிமிடத்தில் கலந்த புரதங்கள் குளிரில் கலக்கவில்லை. கரண்ட் போய் வந்த நாளில் லேசர் நிலைப்பட அரை மணி விடுங்கள். ஏசிக் காற்று ஸ்டேஜில் நேராக அடித்தால் ஃபோகஸ் நழுவும், அதுவும் 'மீளவில்லை' என்றுதான் தெரியும். பாலிலைசின் நேர்மின்னூட்டம் அடிச் சவ்வைப் பிடித்து வைக்கலாம்; ஃபைப்ரோநெக்டின் பூச்சுக்கு மாறி, மேல் சவ்விலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):
கொலஸ்ட்ரால் விஷயத்தில் உங்கள் முடிவு விசித்திரமே இல்லை தம்பி. கொலஸ்ட்ரால் போனால் சவ்வுக்கடியில் இருக்கும் ஆக்டின் இழை வலையும் மாறுகிறது. அந்த வலைதான் சவ்வைப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கும் வரப்பு. வயலுக்குள் தண்ணீர் தாராளமாக ஓடினாலும் வரப்பைத் தாண்டுவது அபூர்வம், புரதமும் அப்படித்தான். என்.ஆர்.கே. என்ற எலிச் சிறுநீரகச் செல்லில் ஒரு பாத்தி சுமார் 230 நானோமீட்டர். 1 மைக்ரோமீட்டர் வட்டம் வைத்து எடுக்கும் ஃப்ராப்புக்கு வரப்பு தாண்டும் வேகம்தான் தெரியும், பாத்திக்குள் நடப்பது தெரியாது. சிக்னலுக்குத் தேவை இரண்டு ரிசெப்டர் சந்தித்துச் சேர்ந்திருப்பது. ஒரே பாத்திக்குள் அடைபட்டால் தூரம் போவது குறையும், திரும்பத் திரும்ப முட்டிக்கொள்வது கூடும். ஆக மந்தமும் பாஸ்பாரிலேஷனும் சேர்ந்தே ஏறலாம்.

ஆனால் 10 மில்லிமோலாரில் எச்.இ.கே. உருண்டு கழன்றுவிடும். சீரம் இல்லாத மீடியத்தில் 5 மில்லிமோலார், 30 நிமிடம். கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினால் திருப்பிப் போட்டு, வேகமும் பாஸ்பாரிலேஷனும் பழையபடி வருகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மருந்தின் பக்கவிளைவைத்தான் அளந்திருக்கிறீர்கள். பளிச்சென்று ஒளிரும் செல்களை ஒதுக்குங்கள். ரிசெப்டர் மிகுந்தால் இ.ஜி.எஃப். இல்லாமலே ஜோடி சேரும்.

குடமுருட்டி:
நன்றி அக்கா. 4 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்த செல்லிலும் கொஞ்சம் மீள்கிறதே?

அரசலாறு:
அது மட்டும் சவ்வுப் புரதத்தை முழுதாக நிறுத்தாது. 0.2 சதவீதம் குளூட்டரால்டிஹைடும் சேருங்கள். அப்படியும் தொடக்கத்தில் சட்டென்று ஒரு சின்ன ஏற்றம் இருந்தால் அது ஜி.எஃப்.பி. தானாக மீண்டும் ஒளிர்வது. அந்த அளவை உயிர்ச்செல் வளைவில் கழித்துக்கொள்ளுங்கள்.

இ.ஜி.எஃப். சேர்த்து அளப்பதானால் முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ரிசெப்டர் கிளாத்ரின் குழிக்குள் (செல் தன் சவ்வுப் புரதத்தை உள்ளே இழுக்கும் பள்ளம்) இறங்கிவிடும். அங்கே நிற்பதை 'ஜோடி சேர்ந்ததால் மந்தம்' என்று எழுதிவிடப் போகிறீர்கள்.