மழை வேலைக்கு முன் தண்ணீர் ஒட்டாத பூச்சு: எதற்கு எது, எங்கே கெடுகிறது

கித்தான் பை
டூல் பைக்குப் பாரஃபின் மெழுகு 100 கிராம், தேன்மெழுகு 50 கிராம். பாரஃபின் மட்டும் பூசினால் மடிப்பில் வெள்ளைக் கோடாக வெடிக்கும். தேன்மெழுகு மட்டும் என்றால் பிசுபிசுத்துத் தூசி அப்பும். நேரடித் தீயில் உருக்கவே கூடாது. கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு டப்பாவை வைத்து உருக்கவும். பை துவைத்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் மெழுகு மேலாகவே நின்று பிறகு உரியும். பிரஷ்ஷால் மெல்லிசாக இழுங்கள். உடனே உறைந்து வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஹாட் ஏர் கன் காட்டினால் உள்ளே இறங்கி, துணி நிறம் கருக்கும். தையலுக்கு மட்டும் இரண்டு தடவை, ஏனென்றால் தண்ணீர் முதலில் நுழைவது ஊசித் துளை வழியாகத்தான். ஒரு நாள் நிழலில் தொங்கட்டும். பிறகு சோப்பு, வெந்நீர் எதுவும் ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் மெழுகு இளகி உள்ளே இருக்கும் மல்டிமீட்டரிலும் ஒட்டும்.

மழைக்கோட்டு
அண்ணே, நைலான் ஜாக்கெட்டுக்கு இந்த மெழுகு வேண்டாம், அதற்கு வழி வேறு. மேலே தண்ணீர் முத்தாக உருளாமல் பரவி ஊறினால் பூச்சு போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள். வியர்வை எண்ணெயும் டிடர்ஜென்ட் மிச்சமும் மேலே படிந்தாலும் அப்படித்தான் ஆகும். துணியை மிருதுவாக்கும் திரவம் இன்னும் மோசம். லேசான சோப்பில் துவைத்து, மூன்று முறை அலசி, காயவைத்து, லேபிள் அனுமதித்தால் மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து ஆகக் குறைந்த சூட்டில் அயர்ன் செய்யுங்கள். பழைய பூச்சே மறுபடி வேலை செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே.

இப்போது கிடைப்பதில் பல ஃப்ளோரின் இல்லாதவை. பழைய நீண்ட சங்கிலி ஃப்ளோரின் பூச்சுகளோடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம், எளிதில் அழியாத மாசுகளுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2019இல் சேர்ந்தது. ஃப்ளோரின் இல்லாத புதியவை தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. கிரீஸ் கை பட்ட இடம் ஊறத்தான் செய்யும்.

போர்டு சர்வீஸ்
ஏசி அவுட்டோர் யூனிட்டின் சர்க்யூட் போர்டுக்கு அக்ரிலிக் கன்ஃபார்மல் ஸ்ப்ரே (போர்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டும் பூச்சு) போதும். சப்ளையை நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு ஃப்ளக்ஸை, அதாவது சால்டரிங் பசை மிச்சத்தை, எடுப்பதுதான் உண்மையான வேலை, ஸ்ப்ரே அடிப்பது ஐந்து நிமிஷம். ஃப்ளக்ஸோ விரல் உப்போ மிஞ்சினால் அதன் மேல் படலம் தூக்கிக்கொண்டு, அடியில் செம்பு பச்சை பூக்கும். கனெக்டர், மூடப்படாத ரிலே, பிரிசெட் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்), ஹீட் சிங்க் முகம் எல்லாவற்றையும் முதலில் டேப் ஒட்டி மறைக்கவும். 20 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் போர்டைத் திருப்பி. ஒரே தடவையில் கனமாக அடித்தால் குமிழி விடும்.

பூசியாகிவிட்டது என்று கேபிளை மேலிருந்து நேராக இறக்காதீர்கள். பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

தாமரை ஸ்ப்ரே பற்றி
இரண்டு டப்பாவாக வரும் அதிசய ஸ்ப்ரே, தாமரை இலையைப் பார்த்துச் செய்தது: நுண்ணிய மேடுகள், அதன் மேல் மெழுகுத்தன்மை, சொட்டின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணம் 150 டிகிரிக்கு மேல். விளம்பரத்தில் அருமை. ஆனால் விரலால் நாலு தேய் தேய்த்தால் மேடு போச்சு. தாமரை தன் மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும், ஸ்ப்ரேக்கு அது தெரியாது. கை படாத பெட்டி மூடிக்கு வேண்டுமானால் அடிக்கலாம், கைப்பிடிக்கு வீண்.

டிங்கரிங்
சிலிக்கோன் ஸ்ப்ரேயைப் பெயிண்ட் அடிக்கும் ஷெட்டுக்குள் திறக்கவே வேண்டாம், தம்பிகளா. காற்றில் பறந்து தகட்டில் படிந்தால் பெயிண்ட் ஒட்டாமல் சின்னச் சின்ன வட்டமாக விலகும், மீன் கண் மாதிரி. தேய்த்தால் இன்னும் பரவும். முதலில் மெழுகு-கிரீஸ் நீக்கியில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயுமுன் வேறு சுத்தத் துணியால் எடுத்துவிட்டுத்தான் உப்புத்தாள்.

மின்பாதைப் பணி
எந்தப் பாதுகாப்புச் சாமானுக்குப் பூசக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தீ தடுக்கும் உடையில் மெழுகு ஏற்றினால் அது திரி ஆகிவிடும். ஹெல்மெட்டில் கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பட்டால் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடலாம். சேஃப்டி பெல்ட்டுக்கு, தயாரித்தவர் சொன்னதைத் தவிர எதுவும் வேண்டாம். மின்காப்பு ரப்பர் கையுறைக்குப் பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் பட்டாலே ஊதி மென்மையாகிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, உள்ளே டால்க் பவுடர் தூவினால் போதும்.