அனுபவப் பகிர்வு: பொய்லர், கொம்ப்ரசர், ஸ்டெரிலைசர் – மலையகத்தில் எங்கே தவறு நடக்கிறது?

(ஆவியையோ காற்றையோ அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலன்களைப் பற்றிய பேச்சு இது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் அடையாளம்.)

தலவாக்கலை பொய்லர் ரூம்

விறகு பொய்லர் (விறகுத் தீயில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி எடுக்கும் கலன்) ஓடுகிற தேயிலை பெக்டரிகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கரண்ட் போகும் நேரம்.

எண்ணெய் பர்னர் என்றால் கரண்ட் போன கையோடு தீயும் நின்றுவிடும். விறகு நிற்காது. தீக்குக் காற்று ஊதும் பேன் நிற்கும், பொய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பீட் பம்ப் நிற்கும், ஆனால் அடுப்பில் கிடக்கிற யூகலிப்டஸ் கட்டைகள் கனன்றுகொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் ஏறாது. "தண்ணீர் குறைந்தால் வேலை செய்யும் லோ வோட்டர் சுவிட்ச் இருக்கிறதே" என்பார்கள். அந்த சுவிட்ச் பேனை நிறுத்தும், மணி அடிக்கும். கட்டையை அணைக்காது.

ஆகவே விறகு பொய்லருக்கு மின்சாரம் இல்லாமலே தண்ணீர் ஏற்றும் வழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்டீம் இன்ஜெக்டர் (பொய்லரின் ஆவியாலேயே தண்ணீரை உள்ளே தள்ளும் கருவி) அல்லது டீசல் பம்ப். ஜெனரேட்டரை நம்பியிருக்கும் பெக்டரி என்றால், பீட் பம்ப் உண்மையிலேயே ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரோலருக்கும் லைட்டுக்கும் லைன் கொடுத்துவிட்டு பம்பை விட்டுவிட்ட இடங்கள் உண்டு.

இன்ஜெக்டர் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பம்பை நிறுத்திவிட்டு, இன்ஜெக்டரை மட்டும் வைத்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியில் (கேஜ் கிளாஸ்) ஓர் அங்குலம் தண்ணீர் ஏற்றிப் பாருங்கள். இழுக்கவில்லை என்றால் முதலில் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்துப் பாருங்கள். டிரையரிலிருந்து திரும்பி வரும் சுடுநீர் விழுந்து தொட்டி கை பொறுக்காத சூட்டில் இருந்தால் இன்ஜெக்டர் இழுக்காது, ஏனென்றால் உள்ளே வரும் ஆவி குளிர்ந்து தண்ணீராக மாறினால்தான் அதற்கு உந்துசக்தி. அடுத்ததாக உள்ளே இருக்கும் கூம்பில் காவி (தண்ணீரிலிருந்து படியும் உப்பு) படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை, தீ மட்டும் இருக்கிறது என்றால் செய்யக்கூடாத முதல் காரியம் தண்ணீர் விடுவது. பொய்லருக்குள் இருக்கும் இரும்பு டியூப் ஏற்கெனவே சிவந்திருக்கலாம். சிவந்த இரும்பில் பாதி பலம்கூட மிஞ்சாது. அதன் மேல் விழும் தண்ணீர் சாதாரண காற்றழுத்தத்தில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். பேனை நிறுத்துங்கள், சாம்பல் கதவை மூடுங்கள், ஈரச் சாம்பலை வாரித் தீயின் மேல் போட்டு அமுக்குங்கள். தீயைக் கிளறி வெளியே இழுத்தால் கொஞ்ச நேரத்துக்குச் சூடு கூடும், அதனால் மூடுவதே நல்லது. மெயின் வால்வையும், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேப்டி வால்வையும் இருந்தபடியே விட்டுவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். தானாக ஆறிய பிறகு, உள்ளே இறங்கிப் பார்த்து, தகுதியுள்ளவர் சொல்லும்வரை அடுத்த தீ மூட்டக்கூடாது. ஒரு நாள் கொழுந்து வீணாகும் என்று தோட்டத்து மேலாளரான துரை கோபிப்பார்தான். கோபிக்கட்டும்.

கொட்டகலை பிட்டர்

மேலே அண்ணன் சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். கண்ணாடி காட்டுகிற மட்டத்தை அப்படியே நம்பக்கூடாது. ஒவ்வொரு சிப்ட்டிலும், ஆள் மாறும்போது, இதைச் செய்ய வேண்டும்.

கேஜ் கிளாஸில் மூன்று கொக் (திருகித் திறந்து மூடும் குழாய்) உண்டு: மேலே ஆவி, கீழே தண்ணீர், அடியில் வடிகால். முதலில் வடிகாலைத் திறந்தால் இரண்டும் சீறி வரும். தண்ணீர்க் கொக்கை மூடுங்கள், ஆவி மட்டும் வர வேண்டும். வராவிட்டால் மேல் வழி அடைப்பு. தண்ணீர்க் கொக்கைத் திறந்துவிட்டு ஆவிக் கொக்கை மூடுங்கள், தண்ணீர் மட்டும் பலமாக வர வேண்டும். பிறகு ஆவியைத் திறந்து வடிகாலை மூடினால் தண்ணீர் சட்டென்று துள்ளி எழ வேண்டும். மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறினால் கீழ் வழியில் சேறு பிடித்திருக்கிறது, அன்றே சுத்தம் செய்யுங்கள்.

இன்னொரு பொய் உண்டு. மேல் வழி அடைபட்டால் கண்ணாடிக்குள் சிக்கிய ஆவி குளிர்ந்து சுருங்கும், தண்ணீர் மேலே இழுபடும். பொய்லரில் தண்ணீர் குறைவு, கண்ணாடியில் நிறைவு. மேல் நுனிவரை நிறைந்த கண்ணாடியைப் பார்த்து "தண்ணீர் நிறைய இருக்கு" என்று நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

கொக் கைப்பிடிகள் மூன்றும் வேலை நேரத்தில் கீழ்நோக்கித் தொங்கும்படி பொருத்துவது பழைய வழக்கம். அதிர்வில் கழன்று விழுந்தாலும் வழி மூடிக்கொள்ளாது. புதுக் கொக் போடும்போது இதைக் கவனிக்காமல் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

பொகவந்தலாவை மெக்கானிக்

சேப்டி வால்வைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. வால்வ் லேசாகக் கசிகிறது, லீவரைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் பேச வேண்டியது ஒன்றுதான்: தீயை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் சீட்டில் (வால்வ் உட்கார்ந்து மூடும் இடம்) ஒட்டிய காவித் துகள், அல்லது வால்வ் செட் செய்த அளவுக்கு மிக அருகில் பொய்லரை ஓட்டுவது. 7 பார் (பார் என்பது அழுத்த அலகு) அழுத்தத்தில் திறக்கும் வால்வ் உள்ள பொய்லரை 6.8இல் ஓட்டினால் அது கசியத்தான் செய்யும். ஓட்டும் அழுத்தத்தைக் குறையுங்கள். சீட் பழுதென்றால் கழற்றி, அரைத்து, தகுதியுள்ளவர் முன்னால் திரும்ப செட் செய்து சீல் வைக்க வேண்டும். ஸ்பிரிங் நட்டைத் திருகுவது பதில் அல்ல. லீவரைக் கையால் தூக்கிப் பார்க்கும்போது செட் அழுத்தத்தில் முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் தூக்கினால் துகளை ஊதித் தள்ளப் பலம் இருக்காது, அது சீட்டில் நசுங்கும், அங்கிருந்து கசிவு தொடங்கும். பொய்லருக்கும் வால்வுக்கும் நடுவிலோ, வால்வுக்குப் பின்னாலோ இன்னொரு வால்வ் இருக்கவே கூடாது.

பிரஷர் கேஜுக்குக் கீழே இருக்கிற சுருள் குழாய் அழகுக்கு அல்ல. அதற்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சுடு ஆவி கேஜுக்குள் போகாமல் தடுக்கிறது. கேஜ் மாற்றுகிற அவசரத்தில் சுருளை விட்டுவிட்டு நேராகப் பொருத்தினால் உள்ளே இருக்கும் வளைகுழாய் இளகி, சில வாரத்தில் ஊசி தவறாகக் காட்டும். புதிதாகப் பொருத்தியதும் சுருளில் தண்ணீர் நிரப்பிவிட்டே ஆவியைத் திறங்கள். டயலில் பாதுகாப்பான உச்ச அழுத்தத்தில் சிவப்புக் கோடு வேண்டும்.

ஹட்டன் கொம்ப்ரசர்

பொய்லர் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. கொம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றைச் சேர்த்து வைக்கும் காற்றுத் தாங்கி என்றால் யாருக்கும் பயம் இல்லை. 300 லீற்றர் தாங்கியில் 8 பார் காற்று இருந்தால், அதற்குள் அடைந்திருப்பது ஒரு தொன் எடையை 30 மீற்றர் உயரம் தூக்குகிற அளவு சக்தி. அதே தாங்கியில் அதே 8 பாருக்குத் தண்ணீர் நிரப்பினால் தண்ணீரில் அடங்குவது 100 ஜூல்கூட வராது. தாங்கியைச் சோதிக்கிறவர்கள் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பது அதனால்தான். வெல்டிங் வைத்த தாங்கியில் "காத்து அடிச்சுப் பார்ப்போம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

நம்ம பக்கத்துப் பனிக்காற்றில் ஈரம் அதிகம். நிமிடத்துக்கு 500 லீற்றர் இழுக்கிற கொம்ப்ரசர் எட்டு மணி நேர சிப்ட்டில் பாதி நேரம் ஓடினாலே தாங்கியில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் வரை தேங்கலாம். அதைத் தினமும் வடிக்காவிட்டால் அடித்தகடு உள்ளிருந்து குழி குழியாகத் தின்னப்படும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். 600 மி.மீ. விட்டம், 10 பார், சாதாரண இரும்பு, எக்ஸ்ரே எடுக்காத வெல்டிங் என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 3 மி.மீ. தகடு தேவை. 4 மி.மீ. தகட்டில் செய்த தாங்கிக்குத் துருவுக்கு விட்டுக்கொடுக்க ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கிறது. அல்ட்ராசோனிக் கருவியால் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் அடிப்பகுதியில், வடிகால் ஓட்டையைச் சுற்றி. பக்கவாட்டில் அளந்து எழுதும் ரிப்போர்ட் பிரயோசனமில்லை.

வடிக்கும்போது வருவது தெளிந்த தண்ணீரா, செந்நிறமா, பால் போன்ற எண்ணெய்க் கலவையா என்று ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். செந்நிறம் தொடர்ந்து வந்தால் உள்ளே தகடு போய்க்கொண்டிருக்கிறது. எண்ணெய் அதிகமாக வந்தால் பிஸ்டன் றிங் தேய்வு. அந்த எண்ணெய் சூடான டெலிவரி பைப்பில் கரியாகப் படிந்து தீப்பிடிக்கும். கொம்ப்ரசருக்கு இன்ஜின் ஒயில் ஊற்றுகிற இடங்களில் இந்தக் கரி சீக்கிரம் சேர்கிறது.

இன்னும் இரண்டு. காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். தண்ணீருக்குச் செய்த பைப் அது. காற்றில் உடைந்தால் கண்ணாடித் துண்டு மாதிரிச் சிதறும். அடுத்தது, சிப்ட்டு முடிந்து உடம்பில் ஒட்டிய தேயிலைத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தட்டுகிற பழக்கம். தேயிலை சலிக்கும் சிப்டிங் ரூம் பெண்கள் ஒருவருக்கொருவர் இப்படி ஊதிவிடுவார்கள். தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். செவிப்பறையும் கிழியும். அமெரிக்க விதியில் பொருட்களைச் சுத்தம் செய்யவே 30 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அலகு) மேல் கூடாது, நம்ம லைனில் ஓடுவது 100க்கு மேல். தூசிக்கு வாசலில் ஒரு தூரிகை வைத்தால் போதும்.

நுவரெலியா பயோமெடிக்கல்

தோட்டத்து மருந்தகங்களில் மருத்துவக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரும் அழுத்தக் கலன்தான். மலையில் அதற்குத் தனிக் கணக்கு உண்டு, அதைக் கேஜ் வைத்த பழைய மாதிரிகளில் யாரும் பார்ப்பதில்லை.

கருவிகளில் கிருமி சாக 121 பாகை செல்சியஸ் வேண்டும். கடல் மட்டத்தில் அதற்குக் கேஜ் 15 பி.எஸ்.ஐ. காட்டும். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே இங்கே 15 காட்டும்போது உள்ளே 117 அல்லது 118 பாகைதான். 121 வர கண்டியில் 16, ஹட்டனில் 17, நுவரெலியாவில் 18 பி.எஸ்.ஐ. வேண்டும்.

இதைக் கேட்டவுடன் வால்வின் வெயிட் மேல் ஒரு வொஷரைப் போட்டு 18க்கு ஏற்றிவிடாதீர்கள். கலத்தின் சுவர் தாங்குவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வித்தியாசத்தை. மலையில் வெளியிலிருந்து தாங்கும் காற்று குறைவு, அதனால் 18 என்பது சுவருக்கு உண்மையிலேயே 18தான். பெயர்த்தகட்டில் போட்டிருக்கும் உச்ச அழுத்தம் இடம் கொடுத்தால் டெக்னீசியன் செட் செய்யலாம். இடம் கொடுக்காவிட்டால் 15இலேயே விட்டு நேரத்தைக் கூட்டுங்கள்: 15 நிமிடத்துக்குப் பதிலாக 35 நிமிடம், அதையும் இன்டிகேட்டர் (கிருமி நீக்கம் நடந்ததா என்று காட்டுவது) வைத்து உறுதிப்படுத்துங்கள்.

காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினாலும் கேஜ் அதே 15தான் காட்டும். பாதிக் காற்று உள்ளே நின்றால் கடல் மட்டத்திலேயே சூடு 112 பாகைக்கு மேல் ஏறாது. சீராக, இடைவிடாமல் ஆவி சீறி வரும்வரை வால்வைத் திறந்தே வையுங்கள்.

பண்டாரவளை டயர் கடை

லொறி ரிம்மில் லொக் றிங் (டயரைப் பிடித்து வைக்கும், கழற்றக்கூடிய இரும்பு வளையம்) இருந்தால் அதுவும் இந்தப் பேச்சுக்குள் வரும். இரட்டைச் சில்லில் நட்டைத் தொடும் முன் இரண்டு டயரிலும் வால்வ் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள். காற்றில்லாமல் ஓடிய டயரை அப்படியே நிரப்பக்கூடாது, கழற்றி றிங்கையும் பள்ளத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். நிரப்புவது இரும்புக் கூட்டுக்குள், கவ்விப் பிடிக்கும் முனையோடு, நீண்ட குழாயில், றிங்கின் நேரே நிற்காமல். றிங் சரியாக உட்காரவில்லை என்று காற்று இருக்கும்போதே சுத்தியலால் தட்டுவதுதான் ஆட்களைக் கொல்கிறது.

மஸ்கெலியா டீமேக்கர்

நல்ல விடயங்கள். ஒரு சந்தேகம். இன்ஸ்பெக்சனுக்கு பொய்லரின் மான்ஹோல் (ஆள் உள்ளே இறங்கும் துளை) திறக்கும்போது கேஜ் சைபர் காட்டினால் போதும்தானே? பொறியியலாளர் வரும் நாளில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

தலவாக்கலை பொய்லர் ரூம்

போதாது ஐயா. 16 பார் வரை அளக்கிற கேஜில் 0.1 பார் கண்ணுக்கே தெரியாது. 400 மி.மீ. மூடியில் அந்த 0.1 பார் கிட்டத்தட்ட 128 கிலோவைத் தள்ளும். நட்டைக் கழற்றுகிறவரின் முகம் அதற்கு நேரே இருக்கும். மேலே காற்றுக் கொக்கைத் திறந்து, ஊதுவது நின்று, ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்தால் அசையாத நிலை வரட்டும். கொக்கை மூடவே வேண்டாம், மூடினால் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி உள்ளே இழுபடும். நட்டுகளை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, கழற்றாமல், மூடியை அசைத்து, இடுக்கை அடைக்கும் பேக்கிங் விட்டதும்தான் மீதியைக் கழற்ற வேண்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் பொய்லர், ஆவித் தாங்கி, காற்றுத் தாங்கி மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. பொய்லரைக் குளிர்ந்து சுத்தம் செய்த நிலையில் ஒரு தடவை, ஆவி ஏற்றிய நிலையில் ஒரு தடவை பார்ப்பார்கள். அதனால் முதல் பார்வைக்கு நெருப்புப் பக்கம் புகைக்கரி சுரண்டி, தண்ணீர்ப் பக்கம் காவி கழுவி, கைத்துளை மூடிகள் எல்லாம் கழற்றி, பக்கத்துப் பொய்லரோடு சேருகிற ஸ்டீம் லைன் இருந்தால் அதில் தடுப்புத் தகடு போட்டு வையுங்கள். வால்வை மூடிப் பூட்டினால் மட்டும் போதாது, வால்வ் கசியும். அடையாள இலக்கத்தைப் பெயின்ட் மறைத்திருந்தால் சுரண்டுங்கள். சோதனைக் கேஜ் பொருத்தும் கொக் திரும்புகிறதா என்று முந்தின நாளே பாருங்கள், அதுதான் எப்போதும் இறுகிக் கிடப்பது. புது மான்ஹோல் பேக்கிங் இரண்டு வாங்கி வையுங்கள். பழையதைத் திரும்பப் போட்டு ஆவி ஏற்றினால் இரண்டாவது பார்வை அன்று நடக்காது.