மெட்டு பிறகு

குழு: முக்கூடல் வீடு

சனி, இரவு 8:04
நான்: தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியை இன்று திறந்தேன். அடியில் நீல அட்டை நோட்டு ஒன்று. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டில் பாடிய கதைப்பாட்டு எல்லாம் முன்னால் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் 9 பாட்டு தனியாக. ஒவ்வொன்றின் தலையிலும் ‘மெட்டு பிறகு’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார்.

8:06
பெரியப்பா: போட்டோ அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு.

8:11
நான்: (படம்) (படம்) (படம்)
அந்துப்பூச்சி ஓரத்தைத் தின்றிருக்கிறது, வரி தப்பித்துவிட்டது.

8:15
மும்பை சித்தப்பா: 🙏🙏 அப்பா கையெழுத்து

8:19
தம்பி: இந்த 9 பாட்டையும் என்னிடம் தாருங்கள். நான் மெட்டுப் போடுகிறேன்.

8:20
பெரியப்பா: நீ போடுகிற மெட்டு எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குக் கேட்டேனே, இடி விழுந்த மாதிரி.

8:21
தம்பி: பெரியப்பா 😀 அது கல்லூரி விழாவுக்குப் போட்டது.

8:26
பெரியப்பா: விளையாட்டு இல்லைலே. 20 வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடித்தவன் நான். சுடலைமாடன் கதையில் இந்த இடத்தில் இந்த மெட்டு என்று இருக்கிறது. அந்த மெட்டு வந்தால்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். ஒரு கொடையில் இடது பக்கம் பாடியவர் மெட்டை மாற்றினார். சாமி வராமல் ஊரே எங்களை முறைத்தது. அப்பா அன்று சோறு சாப்பிடவில்லை.

8:28
அத்தை: அன்று சாப்பிடாததற்குக் காரணம் வேறு. குழம்பில் உப்பு இல்லை.

8:33
தம்பி: கதைப்பாட்டைத் தொட மாட்டேன் பெரியப்பா, சத்தியமாக. இந்த 9 மட்டும். இதில் சாமியே கிடையாது, படித்துப் பாருங்கள். ஒன்று பஸ் வராத கதை, ஒன்று 1992 வெள்ளத்தில் வீட்டுச் சுவர் விழுந்த கதை, ஒன்று பீடி. கொடையில் இதைப் பாட நேரம் எங்கே? அதனால்தான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

8:41
தம்பி: அமெரிக்காவில் வுடி கத்ரி என்று ஒரு நாட்டுப்பாட்டுக்காரர் இருந்தார், 1967இல் இறந்தார். அவரும் மெட்டை எழுதி வைக்கிறவர் இல்லை, மனதிலேயே வைத்திருந்தார். ஆள் போனதும் மெட்டும் போய்விட்டது, வரி மட்டும் கட்டுக்கட்டாக மிச்சம். மகள் நோரா அதில் கொஞ்சத்தை எடுத்து பில்லி பிராக் என்ற இங்கிலாந்துப் பாடகரிடம் கொடுத்தார். அவரும் வில்கோ என்ற அமெரிக்கக் குழுவும் புதிதாக மெட்டுப் போட்டு 1998இல் வெளியிட்டார்கள். பெயர் மெர்மெய்ட் அவென்யூ. அந்தக் குடும்பம் நியூயார்க்கில் குடியிருந்த தெரு அது. 2000இல் இரண்டாம் பாகமும் வந்தது.

8:43
பெரியப்பா: என்ன குழு? வில்லா?

8:43
தம்பி: வில்கோ.

8:44
பெரியப்பா: பெயரில் வில் இருக்கிறது. மேலே சொல்லு.

8:47
தம்பி: அவ்வளவுதான். அப்பாவைப் போலவே பாடு என்று அந்த மகள் கேட்கவில்லை. நானும் தாத்தா குரலைப் போலி செய்யப் போவதில்லை. எனக்கு அது வராது என்பது வேறு விஷயம்.

8:52
மும்பை சித்தப்பா: சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகம் வில்லிலேயே காந்தி கதை பாடினார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வில் சாமிக்கு மட்டும்தான் என்றில்லை அண்ணே.

8:53
மும்பை சித்தப்பா: யூடியூபில் போட்டால் காசு வருமா?

8:54
அத்தை: வந்துவிட்டான் கணக்கோடு.

8:58
மதினி: காசு வருகிறதோ இல்லையோ, முதலில் ஒரு தாளில் எழுதிக் கொள்வது நல்லது மாமா. பாட்டு வரிக்கு உரிமை தனி, மெட்டுக்கு உரிமை தனி. வரி தாத்தாவின் வாரிசுகள் எல்லோருக்கும் சேரும், மெட்டு போட்டவருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். அவர் காலத்தில் அச்சேறாத எழுத்து என்றால் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தம்பிக்குச் சம்மதம் கொடுங்கள். பின்னால் பேச்சு வராது.

9:00
பெரியப்பா: கோர்ட்டில்தான் வக்கீல் என்று பார்த்தால் குழுவிலும் வக்கீல். சரி, எழுதிக் கொண்டு வா தாயி.

ஞாயிறு, மாலை 5:30
தம்பி: (ஒலி 1:40) பீடிப் பாட்டுக்கு முதல் முயற்சி. வரி தெரியாதவர்களுக்கு:

இலை நறுக்கித் தூளு வச்சு
எண்ணிப் போட்டேன் தட்டுல
இருவத்தஞ்சு கட்டும்போது
என் பொழுதும் கட்டுல

5:38
மும்பை சித்தப்பா: சூப்பர் 👏👏👏

5:39
மதினி: நன்றாக இருக்கிறது. கிடார் நீயே வாசித்ததா?

5:52
அத்தை: இவ்வளவு வேகத்தில் சுற்றினால் பீடிக்கடையில் பாதியைக் கழித்துப் போடுவார்கள்.

5:53
தம்பி: அத்தை??

6:01
அத்தை: அப்பா ஒரு பீடி கூடச் சுற்றியதில்லை. இது அம்மா பாடுகிற மாதிரி எழுதியிருக்கிறார். அவர் வில் கட்டி ஊர் ஊராகப் போன மாதங்களில் அடுப்பு எரிந்தது அம்மா தட்டால். நானும் 12 வயதில் உட்கார்ந்தேன். ‘இலை நறுக்கி’ என்னும்போது கத்தரி போக வேண்டும். ‘தூளு வச்சு’ என்னும்போது விரல். அப்புறம் சுருட்டி, நூல் சுற்றி, தலையை மடக்கி, பீடி தட்டில் விழுவது ‘தட்டுல’. நீ அதற்குள் அடுத்த வரிக்கு ஓடிவிட்டாய். என் பீடி இன்னும் கையில் இருக்கிறது.

6:03
அத்தை: (ஒலி 0:52)

6:10
நான்: எல்லோரும் அத்தை அனுப்பியதைக் கேளுங்கள். பேச்சே இல்லை. சும்மா கையை ஆட்டித் தட்டில் தட்டுகிறாள். 4 தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி 4.

6:14
தம்பி: அந்த இடைவெளி எதற்கு அத்தை?

6:15
அத்தை: அடுத்த இலையை எடுக்க வேண்டாமா.

6:31
தம்பி: ஐயோ. வரியை எண்ணிப் பார்த்தேன். தாத்தா அந்த இடைவெளியை விட்டுத்தான் எழுதியிருக்கிறார். ‘தட்டுல’, ‘கட்டுல’ இரண்டுக்கும் பிறகு ஒரு மூச்சு காலியாக இருக்கிறது. நான் அதில் கிடாரைப் போட்டு அடைத்துவிட்டேன்.

6:33
பெரியப்பா: வீட்டில் கேட்ட தாளத்தில் எழுதியிருக்கிறார். மெட்டுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை போல. கொடை முடிந்து விடியக்காலம் வந்து படுப்பார், பக்கத்தில் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

6:35
மும்பை சித்தப்பா: எனக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது அண்ணே.

7:20
தம்பி: (ஒலி 2:15) கிடாரை எடுத்துவிட்டேன். அத்தை அனுப்பிய தட்டுச் சத்தத்தின் மேலேயே பாடியிருக்கிறேன். மெட்டு என்னுடையதுதான், பழைய தெம்மாங்கு இல்லை. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள்.

7:29
பெரியப்பா: மூன்றாம் வரியில் குரல் மேலே போவது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றது இருக்கட்டும்.

7:30
மதினி: மாமா ‘இருக்கட்டும்’ என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். 34 வருஷமாகத் தன் வீட்டம்மாவிடம் இதைத்தான் சொல்கிறாராம், அவர்களே சொன்னார்கள்.

7:34
பெரியப்பா: அடுத்த ஞாயிறு எல்லோரும் இங்கே வாருங்கள். குடம் பரணில் இருக்கிறது. குடத்தில் அடிக்கிற பத்தி கிழிந்து போயிற்று, புதிதாகச் செய்ய வேண்டும். வெள்ளப் பாட்டுக்கு நான் அடிக்கிறேன். பீடிப் பாட்டுக்கு வேண்டாம், அதற்கு அவள் கையே போதும்.

7:36
மும்பை சித்தப்பா: டிக்கெட் பார்க்கிறேன்.

7:41
அத்தை: தட்டும் கத்தரியும் கொண்டு வருகிறேன். யாராவது அரைக் கிலோ இலை வாங்கி ராத்திரியே நனைத்து வையுங்கள். வெறுங்கையில் அடித்தால் தாளம் பொய்யாக வரும். இன்று அனுப்பியதே கொஞ்சம் பொய்தான்.